பதினோராவது தொகுதி

எங்கள் வீட்டில் இருந்த முதல் ஆங்கிலப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முப்பது நாட்களில் ஆங்கிலம் வந்துவிடும் என்று வாக்களிக்கிற வகைப் புத்தகம். மதுரைப் புதுமண்டபத்தில், பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைகளும் விற்ற கடை ஒன்றில் அப்பா வாங்கி வந்தது. (அந்தக் கடைகள் இப்போது அங்கே இல்லை. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.) இலக்கணப் பகுதி கைபடாமல் புதுக்கருக்கோடு இருந்தது. பின்பாதியில் இருந்த சொற்பட்டியல்கள்தான் விரல் பட்டுப்பட்டு ஓரம் கறுத்துப் போயிருந்தன. உடல் உறுப்புகள், உறவுமுறைகள், வீட்டுச் சாமான்கள், காய்கறிகள், பறவைகள், தொழில்கள், வியாதிகள். தலைப்புக்கு ஒன்றோ இரண்டோ பக்கம். பக்கத்தில் மூன்று பத்தி: ஆங்கிலச் சொல், தமிழெழுத்தில் அதன் உச்சரிப்பு, தமிழில் பொருள். நாளைக்குப் பத்து வார்த்தை என்று அப்பா கணக்கு வைத்திருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒப்பிக்க வேண்டும்.

இந்த இதழைப் படிக்கிற இருநூற்றுச் சொச்சம் பேரில் பாதிப் பேராவது இப்படித்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்திருப்பார்கள் என்பது என் அனுமானம். கான்வென்ட் வழியாக வந்தவர்களை விட்டுவிடலாம். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

பட்டியலின் விசித்திரங்கள் அப்போது தெரியவில்லை. வீட்டுச் சாமான்கள் என்ற தலைப்பில் இருந்தவை எங்கள் வீட்டில் இல்லாத சாமான்கள். அலமாரி, சோபா, மெத்தை, திரைச்சீலை, மேஜை விரிப்பு. எங்கள் வீட்டில் இருந்த குதிர், உரல், சுளகு, உறி, தொம்பை இவற்றுக்குப் பட்டியலில் இடமில்லை. காய்கறிப் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. முருங்கை, வெண்டை, புடலை, பீர்க்கு, பாகல் எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் அவை டிரம்ஸ்டிக், லேடீஸ் ஃபிங்கர், அப்புறம் வரிசையாக ஏதோ ஒரு கோர்ட். கத்தரிக்காய் பிரிஞ்ஜால். இங்கிலாந்தில் பிரிஞ்ஜால் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது என்பதும், அவர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்த ஓபர்ஜீன் என்ற சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், நம் பிரிஞ்ஜால் போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன சொல் என்பதும் பின்னால் ஹாப்ஸன்-ஜாப்ஸனைப் புரட்டியபோது தெரிந்தது. ஆக, நான் இங்கிலாந்தின் நாற்காலிகளையும் இந்தியாவின் காய்கறிகளையும் ஒரே மொழி என்று நம்பி மனப்பாடம் செய்திருக்கிறேன். நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது மரங்கொத்திக்கும் மூலவியாதிக்கும் கொல்லனுக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியும். ‘புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்பதற்குத் தெரியாது. அந்த வாக்கியம் எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

வார்த்தைகளை இனம் பிரித்துக் கற்பது மலிவுப் பதிப்புக்காரர்கள் கண்டுபிடித்த வித்தையல்ல. நம்மிடம் அது ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம். சேந்தன் திவாகரம் தொடங்கி நிகண்டுகள் எல்லாம் அப்படித்தான். பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயரில் ஆரம்பித்து, மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று இறங்கி வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை விருத்தம் விருத்தமாக ஒப்பித்தார்கள். என் பாட்டனாரின் தலைமுறை வரை அதன் மிச்சம் இருந்தது. அர்த்தம் தெரிந்து ஒப்பித்தார்களா என்பது வேறு விஷயம்.

ஐரோப்பாவிலும் இதே கதை. 1658-இல் நியூரம்பர்கில் கொமீனியஸ் வெளியிட்ட படப் புத்தகம் லத்தீனையும் ஜெர்மனையும் 150 அத்தியாயங்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்டு, தலைப்பு வாரியாகக் கற்பித்தது. அடுத்த வருஷமே ஆங்கிலத்துக்குப் போனது. அதிலும் முதல் அத்தியாயம் கடவுள்தான். பிறகு உலகம், வானம், நெருப்பு, காற்று, நீர். கடைசி அத்தியாயம் இறுதித் தீர்ப்பு. குழந்தைக்கு வார்த்தை சொல்லிக்கொடுக்கிற சாக்கில் ஒரு முழுப் பிரபஞ்சத்தையும் அதன் முடிவையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். திவாகரரும் கொமீனியஸும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனாலும் இருவரும் மேலிருந்து கீழே வருகிறார்கள். பட்டியல் போடுகிறவன் எதை முதலில் வைக்கிறான் என்பதிலேயே அவனுடைய உலகம் தெரிந்துவிடுகிறது. 1852-இல் ரோஜெட் என்ற வைத்தியர் தம் சொற்களஞ்சியத்தை ஆயிரம் தலைப்புகளாகப் பிரித்தபோது கடவுள் கடைசி வகுப்பின் கடைசிப் பிரிவுக்குப் போய்விட்டார். முதல் தலைப்பு, இருப்பு. இந்த வார்த்தைக்குத் திரும்ப வருகிறேன். எனக்கு அது ஆபீஸ் வார்த்தையும்கூட.

ஆனால் நிகண்டில் ஒரு விஷயம் இருக்கிறது. பத்துத் தொகுதிகளில் உலகத்தை இனம் பிரித்து அடுக்கி முடித்துவிட்டு, பதினோராவது தொகுதியில் நிகண்டாசிரியர் தாம் செய்ததைத் தாமே கலைக்கிறார். அதற்குப் பெயர் ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. ஒரே சொல் எத்தனை பொருளில் வரும் என்பதற்கான இடம். விலங்காக இருந்தது நட்சத்திரமாகிறது, மரமாக இருந்தது படைக்கலமாகிறது, இடப்பெயர் பண்பாகிறது. முதல் பத்துத் தொகுதியின் வேலிகளையெல்லாம் சொற்கள் இங்கே ஏறிக் குதிக்கின்றன. சூடாமணி நிகண்டில் இந்தத் தொகுதி மட்டும் எதுகையை வைத்து அடுக்கப்பட்டிருக்கிறது. பொருளை நம்ப முடியாத இடத்தில் ஓசையைப் பிடித்துக்கொள்கிறார் மண்டல புருடர். புலவனாக வேண்டியவனுக்கு முதல் பத்தைவிட இதுதான் முக்கியமாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

பிறகு அகரவரிசை வந்தது. 1594-இலேயே ரேவண சித்தர் ஒரு அகராதி நிகண்டு செய்துவிட்டார். 1732-இல் மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர், நிகண்டுச் சரக்கைப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து, அகர வரிசையில் போட்டுச் சதுரகராதி ஆக்கினார். தேடி எடுக்க சௌகரியமான ஏற்பாடு. அன்னிய தேசத்திலிருந்து வந்து நம் பாஷையைப் படிக்கிறவருக்கு அதன் அவசியம் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவரும் பொருளகராதிக்கும் பெயரகராதிக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லுக்குப் பல பொருள், ஒரு பொருளுக்குப் பல சொல் என்ற இரண்டு போக்கும் அவர் கையில் தப்பிப் பிழைத்தன. நம் முப்பது நாள் புத்தகங்களில்தான் இரண்டுமே இல்லாமல் போயின. அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு சொல். இடது பத்தியும் வலது பத்தியும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்கும்.

தலைப்பு வாரியாகக் கற்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறோம். சோதித்துப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். 1993-இலும் 1997-இலும் டிங்க்கம் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனைகள், ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துக் கற்றால் அவை ஒன்றோடொன்று குழம்பிக் கற்பதைத் தாமதப்படுத்துகின்றன என்று காட்டின. சட்டை, கோட்டு, ஸ்வெட்டர் என்று ஒரே கொடியில் தொங்குகிற சொற்கள் ஒன்றை ஒன்று தள்ளிவிடுகின்றன. தவளை, குளம், குதித்தல், பச்சை என்பது போல ஒரு சம்பவத்துக்குள் சேர்ந்து நிற்கிற சொற்களோ சுலபமாக மனசில் உட்காருகின்றன. பீர்க்கும் புடலும் ஆங்கிலத்தில் எனக்கு இன்றைக்கும் இடம் மாறுவதன் ரகசியம் இதுதான் போலும்.

இதைப் படித்தபோது எனக்குத் திணை ஞாபகம் வந்தது. கருப்பொருள் என்று இலக்கணக்காரர்கள் சொன்னது இந்த இரண்டாவது வகை. நெய்தல் என்றால் அங்கே புன்னை இருக்கும், உப்பு இருக்கும், சுறா இருக்கும், மீன் காய வைக்கிற பெண்கள் இருப்பார்கள், திரும்பி வராதவனுக்காக ஒருத்தி ஏங்கிக்கொண்டிருப்பாள். இவை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே பொழுதில் சேர்ந்து கிடக்கின்றன. நிகண்டு வந்து புன்னையை மரப்பெயர்த் தொகுதிக்கு அனுப்பிவிடுகிறது. ஏக்கத்தை வேறு எங்கோ அனுப்புகிறது. திணையிலிருந்து நிகண்டுக்கு வந்ததை வளர்ச்சி என்று சொல்வதா, பிரித்துப்போட்டது என்று சொல்வதா? நிகண்டு காலத்துக் கவிதையைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதையே சொல்லத் தோன்றுகிறது. இதில் பண்டிதர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

மேலூர்ப் பக்கத்துச் சமவெளியில் பிறந்தவனுக்குக் கண்மாய் என்பது அப்படி ஒரு திணை. வடக்கே போனால் ஏரி என்பார்கள். கண்மாய்க்குக் கரை உண்டு, மடை உண்டு, கலுங்கு உண்டு, உள்வாய் உண்டு, ஆயக்கட்டு உண்டு. மடையைத் திறந்து மூட நீர்பாய்ச்சி உண்டு. நிறைந்தால் மறுகால் பாயும். அந்த வினைச்சொல்லை ஊரே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ளும். ஐப்பசியில் பக்கத்து ஊருக்குப் போய்வந்தவனிடம் முதல் கேள்வியே அதுதான். அரசாங்கத்து ஆங்கிலத்தில் இது டாங்க். வீட்டு மாடியில் கறுப்பாக நிற்கிற பிளாஸ்டிக் தொட்டியும் டாங்க். என் அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில், நம்மைச் சுற்றியுள்ள இடங்கள் என்ற தலைப்பில் ஆங்கில வார்த்தைகள் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். பார்க், ஜூ, மியூசியம், பீச் என்று மாதிரிக்கு நாலு கொடுத்திருந்தது. கடற்கரை எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டராவது இருக்கும்.

“கண்மாய் எதுல வரும் சித்தப்பா?”

“வாட்டர் பாடீஸ்னு ஒரு தலைப்பு இருக்கும் பாரு, அதுல.”

“அங்க கிரிக்கெட்டுல்ல வெளையாடுறாங்க?”

சித்திரை மாதம். அவள் சொன்னது வாஸ்தவம்.

நான் வேலை பார்க்கிற இடத்தில் வார்த்தைகளுக்கு ஒழுங்கு அதிகம். வங்கிக் குமாஸ்தாவின் தமிழ் மூன்று பத்திப் புத்தகத்தின் தமிழ். படிவங்களில் ஆங்கிலம் ஒரு வரி, அதற்குக் கீழே தமிழ் ஒரு வரி. டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு, கோட் என்றால் குறியீடு, பேலன்ஸ் என்றால் இருப்பு. பகலெல்லாம் குறியீட்டு எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராத்திரி ஒரு கவிதையில் குறியீடு இருக்கிறதா என்று தேடுகிறவன் நான். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஒருவரிடம் கவுண்டரில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இருப்பு பற்றிய கட்டுரைக்கு மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். சிரிக்கலாம்தான். ஆனால் பற்று என்ற சொல்லைக் கணக்கிலும் துறவிலும் ஒரே மூச்சில் புழங்கிய பாஷை இது. பற்று வரவு எழுதிய பழைய கடைக்காரருக்கு இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றுக்குள் ஒன்று கேட்டிருக்காது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் வருகிறவர்கள் படிவத்துத் தமிழைச் சீண்டுவதில்லை. அவர்கள் ஆங்கிலத்தைத் தலைப்பு வாரியாகவே கற்றவர்கள், ஆனால் புத்தகம் இல்லாமல். கவுண்டர் கவுண்டராக நின்று கற்றது. பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு, சுகர், பிரஷர், ஸ்கேன், டிரிப்ஸ். மின்சார ஆபீசில் மீட்டர், பியூஸ், மூணு பேஸ் கரண்ட். தாலுகா ஆபீசில் ஓ.ஏ.பி. எங்களிடம் லோன், செலான், பாஸ்புக், கே.ஒய்.சி., லிங்க், ஓ.டி.பி., நாமினி. ஒவ்வொரு ஸ்தாபனமும் கிராமத்துக்குள் நுழையும்போது ஒரு கைப்பிடி பெயர்ச்சொல்லையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. ஒரு ஊரின் பேச்சிலிருக்கும் ஆங்கிலத்தைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதினால், அந்த ஊர் யார் யார் வாசலில் காத்து நின்றிருக்கிறது என்ற சரித்திரம் கிடைத்துவிடும்.

வந்தவை எல்லாம் பெயர்ச்சொற்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆங்கில வினைச்சொல் தனியாகத் தமிழுக்குள் வருவதில்லை. பண்ணு அல்லது ஆகு என்று ஒரு தமிழ் வினையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. சைன் பண்ணணும், கேன்சல் ஆயிருச்சு. செய்தவன் உண்டா, தானாக நடந்ததா என்ற வித்தியாசத்தை அந்த இரண்டு வினையே பார்த்துக்கொள்கிறது. 1930-இல் ஆக்டன் என்ற ஆங்கிலேயர் உலகத்துக்கெல்லாம் பொதுவாக 850 சொல்லில் அடிப்படை ஆங்கிலம் என்று ஒன்றை உண்டாக்கினார். அதில் வினை 18 மட்டும். எங்கள் கிளைக்கு வருகிறவர்கள் அதை இரண்டில் முடித்துக்கொண்டுவிட்டார்கள், அந்த இரண்டும் தமிழில். ஆங்கிலம் கலந்து பேசி மொழி கெட்டுவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் இந்த வாக்கியங்களின் கடைசிச் சொல்லைக் கேட்பதில்லை என்றே நினைக்கிறேன்.

நாமினி என்ற சொல்லைப் படிவத்தில் நியமனதாரர் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் எதிரே நிற்கிறவர் நம் வாயைப் பார்ப்பார். நாமினி என்றால் உடனே பெயரைச் சொல்வார். வலது பத்தியில் இருக்கிற தமிழ் அன்னியமாகவும் இடது பத்தியில் இருக்கிற ஆங்கிலம் வீட்டு வார்த்தையாகவும் ஆகிவிட்ட விபரீதம் தினசரி நடக்கிறது. ஒரு தடவை வயசான அம்மாள் ஒருவர், ஓ.ஏ.பி. பணம் எடுக்க வந்தவர், கணக்கில் நாமினி இல்லை என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்:

“மகென் இருக்கான் தம்பி. நாமினின்னு சொல்லிக்கிற மாதிரி ஒருத்தரும் இல்ல.”

படிவத்தில் மகனின் பெயரைத்தான் எழுதினோம். வேறு யார் பெயரை எழுத முடியும்? ஆனால் அந்த அம்மாள் வாக்கியத்தில் நாமினி எங்கள் தலைப்பை விட்டு வெளியேறிப் போய்விட்டது. ‘செத்த பிறகு பணம் வாங்கிக்கொள்கிறவர்’ என்பது எங்கள் அர்த்தம். ‘இருக்கும்போது நமக்காக வந்து நிற்கிறவர்’ என்பது அவருடையது. மகன் என்ற சொல் உறவுமுறைப் பட்டியலில் இருக்கிறது, நாமினி என்ற சொல் வங்கிப் பட்டியலில் இருக்கிறது. ஒன்றுக்கு எதிரே மற்றொன்றை நிறுத்தி இரண்டையும் அவர் வேறாக்கிவிட்டார். பதினோராவது தொகுதியில் சேர்க்க வேண்டிய சொல் அது. சேர்க்கத்தான் இப்போது நிகண்டு இல்லை.

இதையெல்லாம் ஒரு சிற்றிதழில் எழுதுவானேன் என்று கேட்கலாம். நம் விமர்சனமும் ஒரு முப்பது நாள் புத்தகம்தான் என்ற சந்தேகம் எனக்குக் கொஞ்ச காலமாக இருக்கிறது. படிமம், குறியீடு, தொனி, இறுக்கம், அந்நியமாதல், இருத்தலியல். இவை நமக்கு எழுத்து முதலான பத்திரிகைகளின் வழியாகப் பழகியவை. இடது பத்தியில் ஆங்கிலம், வலது பத்தியில் தமிழ். பிறகு 1982-இல் தமிழவன் ஸ்ட்ரக்சுரலிசம் என்று தமிழெழுத்திலேயே தலைப்பு வைத்து ஒரு நூல் எழுதினார். அதைத் தொடர்ந்து அமைப்பியல், பின்னமைப்பியல், பின்நவீனத்துவம், கட்டவிழ்ப்பு, பெருங்கதையாடல் என்று அடுத்த பக்கத்துப் பட்டியல் வந்து சேர்ந்தது. முதலில் கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு எதிரே ஒரு குறிப்பிட்ட கவிதை இருந்தது, அதைப் பற்றிப் பேச ஒரு சொல் போதாமல் இருந்தது, தேடி எடுத்தார்கள். எடுத்த சொல் சரியா என்று தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்த நமக்கு அந்தப் போதாமை இல்லை. சொல் முதலிலேயே கையில் இருக்கிறது. கவிதையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு தொகுப்பு வந்தால் இந்தப் படிமம் நன்று, அந்தக் குறியீடு வலிந்தது, இங்கே இருத்தலியல் நெருக்கடி என்று ஒவ்வொரு வரியையும் அதனதன் தலைப்பின் கீழ் அனுப்பிவிட்டு எழுந்துவிடுகிறோம். நான் எடுத்துப் பார்த்த பத்து மதிப்புரைகளில் கவிஞனின் பெயரை மாற்றினால் எட்டு அப்படியே நிற்கும். நண்பர்கள் எழுதியவை என்பதால் எவை என்று சொல்லப் போவதில்லை.

படிமம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கோயிலில் நிற்கிற செப்புத் திருமேனியும் படிமம். பாறைக்குள் கல்லாகிப்போன நத்தையும் புதைபடிமம். ஒன்று விழாநாளில் பூவும் பட்டும் சாத்திப் புறப்பாடு போவது, இன்னொன்று பூமிக்குள் மாட்டிக்கொண்டு அசையாமல் போனது. கவிதையில் வருகிற படிமம் இவற்றில் எந்த வகை என்று ஒரு விமர்சகன் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு உபயோகம் உண்டு. ஆங்கிலத்து இமேஜுக்குச் சமானம் என்று தராசில் வைத்துவிட்டதோடு நம் சிரத்தை தீர்ந்துவிட்டது.

சி.சு. செல்லப்பா எழுத்து ஆரம்பித்தது 1959-இல். வாடிவாசல் நூலாக வந்ததும் 1959-இல்தான். நம் பக்கத்துக்காரர், வத்தலக்குண்டு. விமர்சனச் சொற்கள் புழங்க ஒரு மேடை போட்ட அதே மனிதர், அதே வருஷத்தில், அந்தச் சொற்களில் ஒன்றுகூடத் தேவைப்படாத ஒரு கதையைத் தந்திருக்கிறார் என்பதை நாம் போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு பிற்பகல். பிச்சியும் மருதனும் காரியும் ஜமீந்தாரும். ஜல்லிக்கட்டு என்ற தலைப்பில் எவ்வளவு வார்த்தை உண்டோ அவ்வளவும் அதில் இருக்கும். கொம்பு, திமில், வாடிவாசல், மாட்டின் நிறங்கள், சுழிகள், நடைகள். பட்டியலாகப் போட்டால் நாலு பக்கம் வரும். ஆனால் கதையில் ஒரு சொல்லும் பட்டியலிலிருந்து வந்த மாதிரி தெரியாது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவன் உடம்பை நகர்த்தும்போது வருகிறது.

அந்த உலகத்தின் நடுவே இருக்கிற வினை, அணைதல். மாடு அணைகிறவன் என்பார்கள். ஏறு தழுவுதல் என்று பழைய இலக்கியம் சொன்னதும் அதே அசைவுதான். அலங்காநல்லூரையும் பாலமேட்டையும் பற்றி எழுதுகிற ஆங்கிலப் பத்திரிகைகள் இதை டேமிங் என்கின்றன, அடக்குதல். நம் பத்திரிகைகளும் திரும்ப அதையே மொழிபெயர்த்து, அடக்கினார் என்று எழுத ஆரம்பித்துவிட்டன. அணைத்தல் தமிழில் தழுவுவது, விளக்கைக் குளிரவைப்பது, தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதற்கும் அணைதான். பிச்சியின் கை காரியின் திமிலில் விழுகிற கணத்தில் இந்த மூன்றும் இல்லாமல் இல்லை. அடக்குதலில் ஒன்றுகூட இல்லை. என். கல்யாண் ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வந்தபோது தலைப்பில் வாடிவாசலையும் வைத்து, பக்கத்தில் அரீனா என்றும் போட்டிருந்தது. அரீனா முழு மைதானம். வாடிவாசல் மாடு வெளியே வருகிற அந்தக் குறுகின வழி. இரண்டும் சமானமல்ல என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் வைத்திருக்க மாட்டார்.

அடுத்த இதழுக்கு மதிப்புரை எழுத ஒரு கவிதைத் தொகுப்பு வந்திருக்கிறது. இளம் கவிஞர், முதல் தொகுப்பு, நம் மாவட்டம். படிமங்கள் ஏராளம், எல்லாம் பளிச்சென்று. வழக்கம்போல ஒரு ராத்திரியில் எழுதி அனுப்பிவிடலாம். இந்தத் தடவை பென்சிலை வைத்துக்கொண்டு வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் படித்து வருகிறேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ரெண்டு பக்கம், பஸ்ஸில் ரெண்டு பக்கம். நாற்பத்தொன்றாம் பக்கம் வரை ஆகியிருக்கிறது. இதுவரை அதிகம் வந்திருப்பது ‘உறைகிறது’. இருபத்தாறு தடவை. ‘மறுகால் பாய்கிறது’ ஒரு இடத்தில் வந்தது. ஆசிரியர் மதிப்புரையை இந்த மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார். தாமதமாகும் என்று எழுதிப்போட்டிருக்கிறேன்.